தீதியின் ஆன்டிபாடி

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் சீனியாரிட்டிதான். காலை டீயில் முதல் கோப்பை யாருக்கு, பூஜைக்குக் கொடுக்கும் சேலைக்கட்டில் முதலில் கை வைப்பது யார், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவது யார் என்பதெல்லாம் யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அதை மரியாதை என்று எல்லோரும் நம்பினோம். டாக்டர்களும் நம்பினார்கள். அந்த மரியாதைதான் என் குடும்பத்தைக் கெடுத்தது என்று சொன்னால், என் வீட்டுக்காரர் இன்றும் நான் பெரிதுபடுத்துகிறேன் என்பார். அவர் கணக்குப் பிரிவுக்காரர். எதையும் பெரிதுபடுத்தினால் அவருக்குப் பிடிக்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜாதவ்பூர் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. அதில் டயாலிசிஸ் பிரிவில் நான் நர்ஸ். அப்பா துறைமுக வேலையாகக் கல்கத்தா வந்தவர். அலிப்பூரில் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இங்கேயே நர்சிங் படித்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, சால்ட் லேக்கில் மத்திய அரசு குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனேன். தினமும் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு பஸ். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அவசரமில்லை என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உள்ளே ஒவ்வொரு மாதமும் நாள் தள்ளிப்போகாதா என்று காத்திருந்தேன்.

எங்கள் பிரிவில் எல்லா மெஷின்களும் ஒரே ஹாலில் இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று கோடியில் ஒரு சின்ன அறைக்குள் இருந்தது. ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்கிற காமாலைக் கிருமி இருக்கும் நோயாளிகளுக்கு மட்டுமே அந்த மெஷின். அப்போது ஆஸ்பத்திரிப் பேச்சில் அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு 'ஆஸ்திரேலியா' என்று பெயர். இன்னாருக்கு ஆஸ்திரேலியா பாசிட்டிவ் என்றால் அவருக்கு மூலை அறை. அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கும் அதே அறை. டயாலிசிஸ் என்பது நாள் முழுக்க ரத்தத்தோடு புழங்குகிற வேலை. ஊசி குத்த வேண்டும், குழாய் மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும், வடிகட்டியைக் கழுவி அடுத்த முறைக்கு எடுத்து வைக்க வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் பயம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அந்த அறைக்கு வருஷக்கணக்காகப் போய்வந்தவர் ஒரே ஒருவர், எங்கள் தீதி. பிரிவின் மூத்த சிஸ்டர், ஐம்பதை நெருங்கியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வங்காளிகள் அக்காவைத் தீதி என்பார்கள். டாக்டர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தனக்கு ஒன்று என்றால் அழுவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லி, அந்த அறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தார். என்னை அதன் வாசலைத் தாண்ட விடமாட்டார். மத்ராஜி மேயே என்பார் என்னை, மதராஸிப் பெண்ணே என்று. முதலில் ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொள், அப்புறம் உள்ளே வா என்பார். இத்தனை வருஷம் அந்த அறையில் உழன்றும் அவருடைய ரத்தம் ஒவ்வொரு முறையும் நெகட்டிவ் என்றே வந்தது. காளி காப்பாற்றுகிறாள் என்று ஆயாக்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தீதியிடம் ஒரு கதை உண்டு. நர்சிங் படிக்கும்போது ஹாஸ்டலில் காமாலை வந்து, கரும்புச்சாறும் வேகவைத்த பப்பாளிக்காயுமாகக் கிடந்த கதை. தினமும் சாறு கொண்டுவந்த கரும்புக்காரன் கடைசியில் பெண் கேட்டே வந்துவிட்டான் என்பதுதான் அதன் முடிவு. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைச் சாப்பாட்டிலும் அதைச் சொல்வார். கரும்புக்காரன் நடந்த நடையை நடித்துக் காட்டுவார். பெரிய டாக்டரிலிருந்து ஆயா வரைக்கும் எல்லோரும் பல தடவை கேட்ட கதை. பாதியில் நிறுத்தினால் விடமாட்டோம்.

ஒரு கோடையில், கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, நிர்வாகம் எங்களுக்கு ஹெபடைடிஸ் தடுப்பூசி வரவழைத்துக் கொடுத்தது. மருந்து வந்த அதே வாரத்தில் லோட்ஷெடிங்கும் வந்தது. அந்தப் பகுதியில் ஏதோ டிரான்ஸ்பார்மர் கோளாறு, மத்தியானம் முழுக்க கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் மெஷின்களுக்கு மட்டும்தான் ஓடும், ஃபிரிட்ஜுக்கு இல்லை. விலை கூடிய மருந்து வெயிலில் கெட்டுவிடுமே என்று தீதி பதறிப்போனார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் அவர் குழந்தைகளுக்கான கிளினிக் ஒன்றில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தவர். போலியோ மருந்தை உறையவைத்துத்தான் பாதுகாக்க வேண்டும், அது சரி. அதே பழக்கத்தில், தடுப்பூசிக் குப்பிகளை ஃபிரீஸருக்குள் வைத்து, சுற்றிலும் ஐஸ் கட்டிகளை அடுக்கினார். ஹில்சா மீனைக்கூட இப்படி யாரும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று கேலி செய்தோம். ஊசி போடும் நாளில் குப்பியை வெளியில் எடுத்து, கரையும்வரை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். அவருக்குக் கைராசி உண்டு. ஊசி போட்டதே தெரியாது. கோடையில் தொடங்கிக் குளிர்காலத்துக்குள் எல்லோருக்கும் மூன்று ஊசியும் ஆயிற்று. மிச்சமிருந்த ஓரிரு குப்பிகளை, புதிதாகச் சேர்பவர்களுக்கு ஆகும் என்று அதே ஃபிரீஸரில் பத்திரப்படுத்தினார்.

தடுப்பூசி போட்டதும் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராக ஆன்டிபாடி என்ற ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அது போதுமான அளவு வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம். அந்தக் காலத்தில் அதை வெளி லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும், செலவு. எல்லோரும் ஒரே பெட்டி மருந்தைத்தானே போட்டுக்கொண்டோம், ஒருவருக்குப் பார்த்தால் போதும் என்றது நிர்வாகம். யாருக்குப் பார்ப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. எதிலும் முதலில் யாரோ அவருக்குத்தான். தீதி கையை நீட்டினார்.

ரிசல்ட் வந்தபோது ஆன்டிபாடி ஏராளமாக இருந்தது. பெரிய டாக்டர் தீதியின் முதுகில் தட்டினார். டாக்டர் பணத்தில் சந்தேஷ் இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம். இனிமேல் நம் பிரிவில் யாரும் மூலை அறைக்குப் பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். தீதிக்கு அப்போதே இடுப்பு வலி. அந்தச் சின்ன அறையில் நாள் முழுக்கக் குனிந்து நின்று வந்த வலி. இனி எல்லோரும் மாற்றி மாற்றிப் போகட்டும் என்று முடிவாயிற்று. என் முறை வந்த அன்று தீதியே என்னை அந்த வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். இனிமேல் உனக்கும் பயமில்லை, உன் பிள்ளைக்கும் பயமில்லை என்று சொல்லி, என் முகவாயைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னைப் பெரிய மனுஷியாக்கியதுபோல இருந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள், டயாலிசிஸ் முடிந்து ஒரு பெரியவரின் கையிலிருந்து ஊசியை உருவும்போது, அவருக்குத் தசை பிடித்துக்கொண்டு கை வெட்டி இழுத்தது. ஊசி கையுறையைத் தாண்டி என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. அவர் பாவம், ஐயோ அம்மா என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். நாங்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டவர்கள், ஒன்றும் ஆகாது என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டீ குடிக்கப் போனேன். அப்படிக் குத்திக்கொண்டால் உடனே போட வேண்டிய வேறொரு ஊசி இருக்கிறது. தடுப்பூசி போடாதவளாக இருந்திருந்தால் ஓடிப்போய் அதைப் போட்டிருப்பேன். போட்டவள் என்பதால்தான் போடவில்லை.

துர்கா பூஜை வந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் பந்தலில் மதியம் கிச்சடி கொடுப்பார்கள். நெய் வாசனைக்கே வரிசையில் முதலில் நிற்பவள் நான். அந்த வருஷம் அந்த வாசனை வயிற்றைப் புரட்டியது. கடுகெண்ணெய் காயும் வாடை ஜன்னல் வழியாக வந்தாலே ஓங்கரித்தேன். மாடிப்படி ஏறுவதற்குள் கால் துவண்டது. நாளும் தள்ளிப்போயிருந்தது. வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் ஒரு பை நிறைய மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் உரித்துச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த பூஜை அதுதான்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போனதும் தீதி என்னைப் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆயாக்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ரத்தம் போதுமான அளவு இருக்கிறதா பார்க்கிறேன் என்று என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், வெளிச்சத்தில் நிறுத்தி, என் கண்ணின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு கண்ணையும் இறக்கிப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே லேபுக்கு நடந்தார். வயிற்றில் பிள்ளை இல்லை. ஆஸ்திரேலியா பாசிட்டிவ்.

பெரிய டாக்டர் நம்பவில்லை. ஊசி போட்டவளுக்கு எப்படி வரும் என்று என்னைத்தான் கேட்டார், ஏதோ நான் ஊசி போடும்போது கையை மாற்றிக் காட்டிவிட்டதைப்போல. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு இளம் டாக்டர்தான், எல்லோருடைய ரத்தத்தையும் அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அனுப்பினார்கள். எங்கள் பிரிவில் ஒருவருக்குக்கூட ஆன்டிபாடி இல்லை. தீதியைத் தவிர.

மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று இளம் டாக்டர் கேட்டார். தீதிக்கு அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கரண்ட் போகும் என்று எப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லி, மிச்சமிருந்த குப்பியை ஃபிரீஸரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அது கரையும்வரை காத்திருந்தார். பிறகு மருந்துக்கடையிலிருந்து அன்று வாங்கிவந்த புதுக் குப்பி ஒன்றையும் எடுத்து, இரண்டையும் ஒன்றாகக் குலுக்கி மேஜைமேல் வைத்தார். நாங்கள் சுற்றி நின்றோம். புதியது அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கலாகவே நின்றது. தீதியின் குப்பியில் துகள் துகளாக அடியில் இறங்கி, மேலே வெறும் தண்ணீர் தெளிந்தது. பால் திரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இந்த மருந்து ஒரு தடவை உறைந்தால் செத்துவிடும், அப்புறம் போட்டும் பிரயோஜனமில்லை என்றார் டாக்டர். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

பெரிய டாக்டருக்கு அப்போதும் புரியவில்லை. அப்படியென்றால் தீதிக்கு மட்டும் ஆன்டிபாடி எப்படி வந்தது என்றார். இளம் டாக்டர் தீதியிடம் திரும்பி, உங்களுக்கு எப்போதாவது காமாலை வந்திருக்கிறதா என்று கேட்டார். தீதி வழக்கமான சிரிப்போடு ஆரம்பித்தார். நர்சிங் படிக்கும்போது ஹாஸ்டலில், கரும்புச்சாறும் பப்பாளிக்காயும், அந்தக் கரும்புக்காரன் தினமும் வாசலில் வந்து நின்று, என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். யாரும் மிச்சத்தைச் சொல்லச் சொல்லவில்லை. அவர் குப்பிகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தக் கதையை அதற்குப் பிறகு அவர் எந்தப் பூஜையிலும் சொல்லவில்லை.

நோய் வந்து தானாகக் குணமானவர்களுக்கு அந்த ஆன்டிபாடி ஆயுசுக்கும் ரத்தத்தில் இருக்கும். ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு டெஸ்ட் உண்டு. அதையும் செய்து பார்த்து உறுதிசெய்தார்கள். காளியும் இல்லை, கைராசியும் இல்லை. பல வருஷம் மூலை அறையில் அவரைக் காப்பாற்றியது ஹாஸ்டல் காமாலைதான். அந்தக் காமாலைக் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்த அத்தனை பேரில், படித்த டாக்டர்கள் உட்பட, ஒருவருடைய மண்டையிலும் அது உறைக்கவில்லை. முதலில் ஆயாக்களில் ஒருத்திக்குப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயாவுக்கு எதுவும் முதலில் நடக்காது.

பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் பெரும்பாலும் சில மாதத்தில் தானே போய்விடும் என்றார்கள். எனக்குப் போகவில்லை. காமாலை இறங்கியது, கிருமி இறங்கவில்லை. மற்ற எல்லோருக்கும் புது மருந்தை வாங்கித் திரும்பவும் மூன்று ஊசி போட்டார்கள். இந்தத் தடவை எல்லோருடைய ரத்தத்தையும் அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஆன்டிபாடி வந்தது. அந்தச் செய்தியை எனக்குச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஆளாளுக்கு வேறு பேச்சுப் பேசினார்கள். என்னை டயாலிசிஸிலிருந்து எடுத்து, துணிகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். சலவைக்குப் போன விரிப்புகள் திரும்பி வந்ததா என்று பார்க்கிற வேலை. யாரையும் தொட வேண்டாத வேலை.

வீட்டுக்காரரும் ஊசி போட்டுக்கொண்டார். அவருக்கு ஆன்டிபாடி நன்றாக வந்தது, ரிசல்ட்டைக் கொண்டுபோய் பீரோவில் வைத்தார். இனி உங்களுக்குப் பயமில்லை, பிள்ளை பிறந்ததும் அதற்கு இரண்டு ஊசி போட்டால் அதற்கும் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று இளம் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். "பார்ப்போம்," என்றார். கெட்டவர் இல்லை. என்னை ஒருநாள்கூட ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அன்று முதல் ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டார், முதுகுவலிக்குத் தரைதான் நல்லது என்று. அந்த முதுகுவலி இன்றுவரை சரியாகவில்லை. ஊசி பலித்திருக்கிறது என்று ரத்தம் சொல்கிறது, மனசு ஒப்புக்கொள்ளவில்லை. ஊசிமேல் நம்பிக்கை வைத்து நான் பட்டதைக் கண்ணால் பார்த்தவரிடம், நீங்களும் ஊசியை நம்புங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? பார்ப்போம் என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பிள்ளை பெறும் வயது கடந்துபோயிற்று.

ஒரு கோடை விடுமுறைக்குச் சென்னையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி எனக்கென்று ஒரு எவர்சில்வர் தம்ளரைத் தனியாக வைத்து, அதன் அடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். தட்டிலும் தம்ளரிலும் இது பரவாது என்று நான் அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். தெரியும், பிள்ளைகள் இருக்கிற வீடு பாருங்க, அதுக்குத்தான் என்றாள். கிளம்பும்போது அந்தத் தம்ளரை என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கோபத்தில்தான் எடுத்தேன். அவள் அதைத் தேடியிருக்கவும் மாட்டாள்.

தீதி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். ஜாதவ்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மண் கலயத்தில் மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிரோ டப்பாவில் மீன் குழம்போ எடுத்துக்கொண்டு வருவார். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே எனக்கு ஆத்திரம் பொங்கும். வராதீர்கள் என்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். அவர் ஒன்றும் கேட்காமல் என் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிடுவார். நான் குடித்து வைத்த மிச்சத் தண்ணீரைச் சிவப்புப் பொட்டுத் தம்ளரிலிருந்து எடுத்துக் குடிப்பார். என் தலையை மடியில் போட்டு எண்ணெய் தேய்ப்பார். வீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல் பேப்பரைத் தூக்கிக்கொள்வார். என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்த கைகள்தான், என்னைக் கூசாமல் தொடும் ஒரே கைகள். அதை என்னால் தாங்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. ஊர் பெயர் கொல்கத்தா ஆயிற்று. தடுப்பூசி எல்லா இடத்திலும் கிடைக்க ஆரம்பித்தது. பூஜைப் பந்தல் போடும் கிளப்புகளே முகாம் நடத்தி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வரிசையில் போட்டார்கள். எங்கள் செக்டாரில் நடந்த முகாமைப் பால்கனியில் நின்று பார்த்தேன். தீதி ஓய்வு பெற்றார். இடுப்பு அறவே மடங்கிவிட்டது. சிலிகுரியில் இருந்த அவருடைய அண்ணன் மகன் வந்து, இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்று கூட்டிப்போக ஏற்பாடு செய்தான்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு கடைசியாக வந்தார். மாடிப்படி ஏற முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். தண்ணீர் கேட்டார். வேறு தம்ளர் எடுக்க உள்ளே போன என்னைத் தடுத்து, மேஜைமேல் நான் பாதி குடித்து வைத்திருந்ததையே எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது வங்காளத்தில்தான். எனக்குள் அது தமிழாகத்தான் நிற்கிறது.

"உங்க ரத்தத்துல இருக்கிறது காமாலையால வந்ததுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க, தீதி?"

அவர் மிச்சத் தண்ணீரைக் குடித்து முடித்தார். தம்ளரைத் திருப்பி, அடியில் இருந்த சிவப்புப் பொட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"உன்னை உள்ள விட்டிருப்பேனா?" என்றார். "சாகிற வரைக்கும் நானே பார்த்திருப்பேன். அந்த ரூமுக்குன்னே பிறந்தவ நான். என்னைத்தான் அது ஒண்ணும் செய்யாதே."

போகும்போது வழக்கம்போல முகவாயைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார். சிலிகுரியிலிருந்து ஓரிரு தடவை போன் செய்தார், பிறகு அவர் இறந்துபோன செய்தியை அண்ணன் மகன் போனில் சொன்னான். அன்று வீட்டுக்காரர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, டீயைத் தானே போட்டுக்கொண்டு வந்தார். தனக்குக் கோப்பையில், எனக்குச் சிவப்புப் பொட்டுத் தம்ளரில் ஊற்றியிருந்தார்.